சிமென்ட் பூசும் முன் ஒரு கோடை

ஜூன் மாதம் வந்தால் சென்னையின் புறநகரில் ஒரு தொழில் களைகட்டும். குடிவந்து ஆறு மாதம்கூட ஆகாத வீடுகளின் முன்னால் பேவர் பிளாக் ஏற்றிய குட்டி லாரி வந்து நிற்கும். மேஸ்திரி டேப்பை நீட்டி அளப்பார். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"செடி கிடியெல்லாம் வச்சுப் பாத்தாச்சு மேஸ்திரி. இந்த மண்ணுல ஒண்ணும் வராது. மொத்தத்தையும் அடச்சுடுங்க."

"ஆமா சார். குப்ப விழும், பூச்சி பொட்டு வரும். எதுக்கு வம்பு?"

இரண்டே நாள். மண் மறைந்துவிடும்.

இதே மனிதர் தை மாதம் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு நர்சரிக்குப் போனவர்தான். ஒட்டு எலுமிச்சை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, செம்பருத்தி இரண்டு, குண்டுமல்லி ஒன்று, பப்பாளி இரண்டு, தக்காளி நாற்று ஒரு டஜன். மாமனார் வீட்டிலிருந்து முருங்கைப் போத்து இரண்டு. போதாக்குறைக்கு வாசல் பக்கம் 300 சதுர அடிக்குக் கொரியன் புல். காரில் ஏற்றும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பெருமை ஐந்தே மாதத்தில் "ஒண்ணும் வராது" என்று முடிந்துவிட்டது. ஐந்து மாதக் குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கும். அதைப் பார்த்து "இது ஓடாது" என்று எந்த அப்பாவாவது சொன்னதுண்டா?

"இந்த மண்ணுல ஒண்ணும் வராது." இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான். அது பெரும்பாலும் பொய். சொல்கிறவர் தெரிந்தே சொல்கிற பொய் இல்லை. சரியாகப் பார்க்காததால் வருகிற பொய்.

*

முதலில் காலண்டரைக் கூண்டில் ஏற்றலாம்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்ப்பவர்கள் ஆடியைத் தள்ளுவார்கள், புரட்டாசியைத் தள்ளுவார்கள், மார்கழியைத் தள்ளுவார்கள். பால் காய்ச்சுவது பெரும்பாலும் தையில், இல்லையென்றால் சித்திரை, வைகாசியில். செடி நடுவதும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற இன்னொரு சடங்காகிவிட்டது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று ஊரெல்லாம் சொல்லும் பழமொழி நல்ல நாள் பட்டியலில் இடம் பிடிப்பதே இல்லை. வீட்டுக்கு ஆகாத மாதம்தான் விதைக்கு ஆகிற மாதம். இதன் விளைவு, புது வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலானவை கோடையின் வாசலில் பிறக்கின்றன. வேர் பிடிக்கும் முன்பே பங்குனி வெயில், பிறகு சித்திரை, அதற்கும் மேல் அக்னி நட்சத்திரம்.

தையில் நடவே கூடாது என்பதல்ல. தைப் பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, பூசணி எல்லாம் போடுவார்கள், நன்றாகவே வரும். ஆனால் தையில் நட்ட எலுமிச்சைக் கன்றைப் பார்த்து வைகாசியில் தீர்ப்பு எழுதக் கூடாது. அவ்வளவுதான் வாதம்.

அடுத்த குற்றவாளி கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு படம். தோட்டம் என்றால் வெட்டிவிட்ட பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு வெள்ளை நாற்காலி. இந்தப் படம் இங்கிலாந்திலிருந்து வந்தது. புல் வெட்டும் எந்திரத்தை 1830இல் கண்டுபிடித்தவரும் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர்தான். அந்த நாட்டில் புல்வெளி வளர்வதற்குக் காரணம் அங்கே மழை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. லண்டனில் வருடத்துக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. இரண்டு மடங்குக்கும் மேல்!

வித்தியாசம் அளவில் இல்லை, பெய்யும் விதத்தில் இருக்கிறது. லண்டனில் பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறும். சென்னையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றையும் கூட்டினாலும் பெரும்பாலான வருடங்களில் லண்டனின் ஒரே ஒரு மாத மழைக்கு ஈடாகாது. அந்த மூன்று மாதத்தில்தான் இங்கே கொரியன் புல்லை விரிக்கிறார்கள். பிறகு அது மஞ்சளானதும் மண்ணைத் திட்டுகிறார்கள்.

அது போகட்டும், அந்த மண் முதலில் மண்தானா என்பதே கேள்வி. மனையை மேடாக்க ரப்பிஷ் கொட்டியிருப்பார்கள். உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, சுண்ணாம்பு, பெயிண்ட் டப்பா மூடி, அதற்கு மேல் கண்துடைப்புக்கு ஒரு லோடு செம்மண். சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும். காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. எலுமிச்சையின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் மாறும். மண் கெட்டது என்று சொல்வதற்கு முன், அதைக் கெடுத்தது கட்டடம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டாமா? இரண்டடி தோண்டி, ரப்பிஷை வெளியே எடுத்து, மக்கிய எருவும் நல்ல மண்ணும் போட்டு நிரப்ப ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை. வாசலில் கிரானைட் பதிக்கப் பத்து நாள் பொறுத்தவர்கள் இந்த ஒரு நாளைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

*

இனி, அந்த ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். இது எந்த ஒரு தனி வீட்டின் கதையும் இல்லை. தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரை எந்த நகரில் நுழைந்தாலும் இதே கதைதான்.

மாசி. எதுவும் நடப்பதாகத் தெரியாது. எலுமிச்சையில் நடும்போது இருந்த இலைகளே இருக்கும், இரண்டு மூன்று உதிர்ந்தும் இருக்கும். வீட்டுக்காரர் தினமும் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். நடந்துகொண்டிருப்பது மண்ணுக்குக் கீழே. பாலித்தீன் பையில் சுருண்டு கிடந்த வேர் முதல் தடவையாக வெளியே நீள்கிறது. வேர் பிடித்த பிறகுதான் கொழுந்து. மேலே ஒன்றும் தெரியாத அந்த மாதம்தான் செடிக்கு முக்கியமான மாதம். ஆனால் நர்சரிக்காரரிடம் போன் போகும். "ஒண்ணுமே வரலியே?" அவரும் ஒரு பாக்கெட் உரம் விற்றுவிடுவார். வேரில்லாத செடிக்குக் காய்ந்த மண்ணில் யூரியாவும் டிஏபியும் போட்டால் அந்த உப்பு வேரிலிருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். செடி கருகும். பழி வெயில் மேல் விழும்.

பங்குனி. மத்தியானம் ஒரு மணிக்குப் பப்பாளி இலை குடையை மடக்கின மாதிரி தொங்கும். உடனே ஒரு வாளி தண்ணீர். மறுநாளும் ஒரு வாளி. உண்மையில் அந்த நேரத்தில் இலை தொங்குவது செடியின் தற்காப்பு. வேரிலிருந்து ஏறுகிற தண்ணீரைவிட இலையிலிருந்து போகிற தண்ணீர் அதிகமாகும்போது இலை தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி நிமிர்ந்து நின்றால் ஒரு குறையும் இல்லை. அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் தாகம். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை. ஆனால் பார்ப்பதைவிட ஊற்றுவது சுலபமாக இருக்கிறது. பப்பாளித் தண்டின் அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். முருங்கைப் போத்தும் அப்படித்தான். அந்த வீட்டில் ஒரு பப்பாளியும் ஒரு போத்தும் செத்தது தாகத்தில் இல்லை, தண்ணீரில் மூழ்கி. கோடையில் வெள்ளச் சாவு!

சித்திரை. தக்காளி பூத்துத் தள்ளும், ஒரு பிஞ்சுகூட நிற்காது. "மோர் ஊத்துங்க", "பெருங்காயம் கரைச்சு ஊத்துங்க", "பக்கத்து வீட்டுக் கண்ணு" என்று ஆளுக்கொரு மருந்து. காரணம் சாதாரணம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. பூ உதிரும். எந்த உரத்தாலும் எந்த மந்திரத்தாலும் அதை மாற்ற முடியாது. அதே செடியை மழைக்காலம் ஓய்கிற சமயம் பார்த்து நட்டிருந்தால் காய்த்திருக்கும்.

கொடி அவரைக்கும் இதே அநியாயம் நடக்கிறது. சித்திரையில் விதை போட்டுவிட்டு, கொடி மாடிவரை ஏறியும் காய் இல்லையே என்று வெட்டி எறிகிறார்கள். நாட்டுக் கொடி அவரை பகல் குறுகுவதைப் பார்த்துப் பூக்கும் செடி. ஆடியில் போட்டாலும் அது கார்த்திகைக் குளிர் தட்டும்போதுதான் முழு வேகத்தில் காய்க்கத் தொடங்கும். பகல் நீள்கிற கோடையில் அது பூக்காமல் இருப்பது சோம்பல் இல்லை, அதன் இயல்பு. (குத்து அவரை ரகங்கள் வேறு, அவை பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை.)

அதே சித்திரையில் அதே வீட்டில் குண்டுமல்லி பூத்தது. கவனித்தார்களா? மல்லிகைக்குக் கோடைதான் பருவம். வேம்பு பூப்பதும் இந்த வெயிலில்தான். கொத்தவரை காய்த்தது, தண்டுக்கீரை முப்பது நாளில் பறிப்புக்கு வந்தது, கொடிப்பசலை சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியது. வெயிலைக் கண்டு பயப்படாத செடிகள் இத்தனை இருக்கும்போது, வெயில் ஆகாத தக்காளியையும் புல்லையும் வைத்துத் தோட்டத்துக்கு மார்க் போட்டது யார் தவறு?

அக்னி நட்சத்திரம். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை. மொட்டையாகக் கிடக்கும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மேல்வேர் வெந்துவிடும். இதற்குத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தெரிந்த வைத்தியத்தின் பெயர் மூடாக்கு. காய்ந்த சருகு, வைக்கோல், தென்னை மட்டை எதையாவது செடியைச் சுற்றி நாலு அங்குலம் பரப்பி வைப்பது, தண்டை மட்டும் ஒட்டாமல். 2013இல் மறைந்த இயற்கை விவசாயி கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன விஷயங்களில் இதுவும் ஒன்று. புது வீட்டிலோ தினமும் காலையில் சருகைக் கூட்டி, குவித்து, நெருப்பு வைத்து, மண்ணைப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். போர்வையை உருவி எரித்துவிட்டு, செடிக்கு ஏன் ஜுரம் என்று கேட்கிற கதை. மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் கன்றுக்கு மூன்று மணிக்கு மேல் நிழல் கிடைக்கும். ஒரே ஒரு கீற்று.

வைகாசி. ஒரு நாள் சாயங்காலம் இடி இடித்து அரைமணி நேரம் கோடை மழை. அடுத்த வாரம் எலுமிச்சையில் செம்பழுப்பாகக் கொழுந்து, கறிவேப்பிலையில் புதுக் கிளை, செம்பருத்தியில் மொட்டு. மூன்று மாதம் ஊற்றிய போர் தண்ணீர் செய்யாததை அரைமணி மழை எப்படிச் செய்தது? போர் தண்ணீரின் உப்பு வேரைச் சுற்றிப் படிந்துகொண்டே வந்தது. மழை அதைக் கீழே இறக்கிவிட்டது. இந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும், "இந்த மண்ணுல ஒண்ணும் வராது" என்ற வார்த்தை வாயில் வராது. ஆனால் அந்த வாரம் வீட்டுக்காரர் பேவர் பிளாக் கடையில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனி பிறந்தபோது கணக்கு இதுதான். செத்தவை: புல், தக்காளி, ஒரு பப்பாளி, ஒரு முருங்கைப் போத்து. பிழைத்தவை: எலுமிச்சை, கறிவேப்பிலை, இரண்டு செம்பருத்தி, மல்லிகை, ஒரு பப்பாளி, ஒரு முருங்கை. அனுபவமில்லாத கையும் அக்னி வெயிலும் சேர்ந்து தாக்கியும் ஏழு உயிர் நிற்கிறது. இதற்குப் பெயர் தோல்வியா? அப்படியானால் வெற்றி எப்படி இருக்கும்?

*

பூச்சி பற்றியும் பேசியாக வேண்டும். முதல் கோடையில் மண்ணுக்கு அடுத்தபடி அதிகம் பழி சுமப்பது அதுதான்.

கறிவேப்பிலையில் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். துடைக்கப் போனால் நெளியும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பறவை கொத்தாமலிருக்க எச்சம் போல வேஷம் போட்டிருக்கிறது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சின்னச் செடியில் ஏழெட்டு இருந்தால் கையால் எடுத்துப் போடலாம். ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம், கொஞ்ச நாளில் அது சிறகோடு போய்விடும், செடி மறுபடி தழைக்கும். ஆனால் முதல் புழுவைக் கண்டதும் மருந்து டப்பாதான் வெளியே வருகிறது. ரசத்தில் கிள்ளிப் போடப் போகும் இலையில் விஷம் அடிக்கும் துணிச்சலை என்னவென்று சொல்வது?

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு படியும். மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறினால் அதுவே அறிகுறி. மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். இந்தப் பூச்சி விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2008இல் மெக்சிகோ பக்கத்துப் பூச்சியான பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் மூடியது. விவசாயிகள் மருந்து மேல் மருந்தாக அடித்தார்கள். உடல் முழுக்க மெழுகு பூசிக்கொண்ட பூச்சி அசையவில்லை. 2010இல் அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, வளர்த்து, வயல்களில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். டப்பா டப்பாவாக அடித்த மருந்து செய்யாததை அது செய்தது. அந்தக் குளவியின் வாரிசுகள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. செம்பருத்தியில் மருந்து அடிக்கும்போது அவைதான் முதலில் சாகின்றன, மெழுகுக்குள் இருக்கும் பூச்சி பிழைத்துக்கொள்கிறது. ஆரம்பத்திலேயே குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பாதி பூச்சி உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து தெளிக்கலாம்.

*

சரி, எதிர்த் தரப்புக்கும் வாதம் இருக்கிறது. அதில் ஒன்று நிஜமாகவே கனமானது.

"குடிக்கவே தண்ணி இல்ல, செடிக்கு ஊத்தவா?"

சென்னையில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. குடத்தோடு வரிசையில் நின்றவர்களிடம் போய் மல்லிகையைப் பற்றிப் பேசினால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். கோடையில் புல்வெளியிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 300 சதுர அடிக்கு 140 லிட்டர். தினமும் ஒன்பது குடம். இது அநியாயம்தான், இதை நிறுத்தத்தான் வேண்டும். பிழைத்த அந்த ஏழு செடிக்கு எவ்வளவு? ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, ஐந்து லிட்டர் ஊற்றி மூடி வைத்தால், பானை கசிந்து வேருக்கே போகும். மூடாக்கு இருந்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். ஏழு பானைக்கு முப்பத்தைந்து லிட்டர், நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர்கூட இல்லை. ஒரு குடம்! அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் என்று சமையலறையில் தினமும் சாக்கடைக்குப் போவதே அதற்குச் சரியாக இருக்கும். (ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் தினமும் ஊற்ற வேண்டாம். அதில் உப்பு கூடுதல்.)

இப்போது சிமென்ட் பக்கத்துக் கணக்கு. வீட்டைச் சுற்றி 500 சதுர அடி மண் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சென்னையில் வருடத்துக்கு அதன் மேல் விழும் மழை சுமார் 65,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் ஐந்துக்கு மேல். அத்தனையும் உள்ளே இறங்காது, கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வழியும். பாதி இறங்கினாலும் இரண்டரை லாரி. சிமென்ட் பூசினால் அது தெருவுக்கு ஓடும். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர், கோடையில் லாரிக்காரருக்குப் போன். இரண்டுக்கும் ஒரே வாசல்தான் காரணம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆனது 2003இல். சட்டத்துக்காக ஒரு மூலையில் குழாயும் குழியும் வைத்துவிட்டு மிச்சம் மொத்தத்தையும் அடைத்துவிடுவதை என்ன சொல்ல? தண்ணீர் இல்லை என்பதற்காக மண்ணை மூடுவது, பசிக்கிறது என்பதற்காக வாயைத் தைத்துக்கொள்வது.

மற்ற வாதங்கள் இவ்வளவு கனமில்லை.

"கொசு வரும்." டெங்கு பரப்பும் கொசு மண்ணில் முட்டையிடாது. தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் இடும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மூடாத சம்ப், கவிழ்க்காத வாளி. சென்னையில் மலேரியா பரப்பும் கொசுவும் மூடாத மாடித் தொட்டியையும் கிணற்றையும்தான் தேடும். தண்ணீர் இறங்கிப் போகும் மண்ணைவிட, குழி விழுந்து நீர் தேங்கும் சிமென்ட் தரைதான் அதற்கு வசதி.

"பாம்பு வரும்." பாம்பு எலியைத் தேடி வரும். எலி, வேலை முடிந்தும் அள்ளாமல் விட்ட செங்கல் குவியலைத் தேடி வரும். எதை அகற்ற வேண்டும் என்று இதிலிருந்தே தெரியும்.

"கீரை கட்டு இருபது ரூபாய்க்குக் கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" நேர்மையான கேள்வி. நேர்மையான பதில்: முதல் வருடம் தோட்டத்தால் ஒரு பைசா மிச்சமாகாது. மாடித்தோட்டக் கிட், கலர் கலரான க்ரோ பேக், பாட்டிலில் அடைத்த பஞ்சகவ்யா என்று விற்பவர்கள் "ஒரே மாதத்தில் வீட்டுக் காய்கறி" என்று சொன்னால், அவர்களும் புல் விற்றவரைப் போலவே அவசரத்தைத்தான் விற்கிறார்கள். ரசாயன உரக்காரரின் அவசரத்துக்கும் இயற்கை உரக்காரரின் அவசரத்துக்கும் வாசனையில்தான் வித்தியாசம். முதல் கோடையில் தோட்டம் தருவது காய் அல்ல, தகவல். எந்த மூலையில் மூன்று மணிக்கு மேல் வெயில் இல்லை, எங்கே தண்ணீர் தேங்குகிறது, கடல் காற்று எந்தப் பக்கமாக வந்து எந்தக் கிளையை ஆட்டுகிறது, எந்தச் செடியில் முதலில் எறும்பு ஏறியது. இதை எந்த நர்சரியும் பாக்கெட்டில் போட்டு விற்காது. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். ஆடி வரும்போது நூறு தாள் சேர்ந்திருக்கும். அந்த வீட்டு மண்ணுக்கு அதைவிட நல்ல விவசாயப் புத்தகம் எங்கும் அச்சாகவில்லை.

*

ஒரு தோட்டத்தைப் பார்ப்பது வேலையில்லாதவன் வேலை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது வேலை, உரம் போடுவது வேலை, மருந்து அடிப்பது வேலை. சும்மா பக்கத்தில் நின்று பார்ப்பது வேலை இல்லையாம். ஆனால் அந்த வீட்டில் செத்த பப்பாளியும் போத்தும் செய்த வேலையால் செத்தன. பிழைத்த மல்லிகையை யாரும் ஒன்றும் செய்யவில்லை. முதல் கோடையில் செய்ய வேண்டியது மிகக் குறைவு: ரப்பிஷை எடுப்பது, மூடாக்குப் போடுவது, ஒரு கீற்று நிழல், ஒரு பானைத் தண்ணீர். மிச்சமெல்லாம் பார்ப்பது. பார்க்கத் தெரிந்துவிட்டால் தீர்ப்பு எழுதுகிற அவசரம் தானாகவே குறைந்துவிடும்.

ஒருமுறை சிமென்ட் விழுந்துவிட்டால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. செத்த செடிக்குப் பதில் இன்னொன்று வைக்கலாம். பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு மண்ணை மறுபடி பார்த்தவர்கள் எத்தனை பேர்? எத்தனையோ வீடுகளில் அது பிள்ளைகள் காலத்திலும் அப்படியேதான் கிடக்கிறது.

அதனால் டேப்போடு வந்து நிற்கும் மேஸ்திரியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்: "கார்த்திகையில வாங்க." நடுவில் ஆடி இருக்கிறது, அவரை விதை போடலாம். ஆவணி, புரட்டாசி மழை இருக்கிறது. ஐப்பசியில் வானம் பொத்துக்கொள்ளும். அவ்வளவுக்கும் பிறகும் அந்த வாசலில் மண் மொட்டையாகவே கிடந்தால் தாராளமாக அடைத்துக்கொள்ளலாம். மேஸ்திரியின் போன் நம்பர் எங்கேயும் போய்விடாது.